பழைய வாஷிங் மெஷினைக் கழற்றுவதா, அரைப்பதா?

கேள்வி இது: "தொழிற்சாலையில் வாஷிங் மெஷினைப் படிப்படியாகப் பூட்டுகிறார்கள். அதே படிகளைத் தலைகீழாகச் செய்தால் கழற்றிவிடலாமே? மறுசுழற்சி ஆலைகள் ஏன் பாதியைக் கழற்றிவிட்டு மீதியை அரைத்துத் தள்ளுகின்றன? செலவுதான் காரணமா? இறுதியாண்டு புராஜெக்டுக்கு இதை எடுக்கலாமா?"

செலவு ஒரு காரணம்தான். ஆனால் கழற்றுவதை நீங்கள் பூட்டுவதன் மறுபக்கமாகப் பார்க்கிறீர்கள். அங்கேயே கணக்கு தப்பிவிடுகிறது, அதனால் முதலில் அதைச் சொல்கிறேன்.

பூட்டும் வரிசையில் வரும் எல்லாப் பாகமும் புதுசு. எந்த போல்ட், எத்தனை போல்ட், எவ்வளவு இறுக்கம் என்பதெல்லாம் முன்கூட்டியே தெரியும். பத்து வருடம் ஓடித் திரும்பி வரும் மெஷின் அப்படி இருக்காது. அடித்தட்டு துருப்பிடித்திருக்கும். போர் தண்ணீர் ஊராக இருந்தால் ஹீட்டர் மேல் உப்பு ஓடு கட்டியிருக்கும். நடுவில் யாரோ ஒரு மெக்கானிக் ஒரு ஸ்க்ரூவுக்குப் பதிலாக வேறு அளவு ஸ்க்ரூவை முறுக்கி ஏற்றியிருப்பார். சர்க்யூட் போர்டை ஏற்கெனவே யாராவது கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள். இதையெல்லாம் பார்த்துச் சுதாரிப்பதற்குள் அடுத்தது வேறு கம்பெனி, வேறு மாடல் வந்து நிற்கும்.

இன்னொன்று, பூட்டும் வேலைக்கு முடிவு ஒன்றுதான்: முழு மெஷின் வெளியே வர வேண்டும். கழற்றும் வேலையை எந்த இடத்திலும் நிறுத்திக்கொள்ளலாம். எங்கே நிறுத்துவது என்பதுதான் இந்தத் துறையின் மையக் கேள்வி. மற்ற எல்லாம் அதைச் சுற்றித்தான் வரும்.

ஜப்பானை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அங்கே இந்த வேலையைச் சட்டமே ஒழுங்குபடுத்தியிருக்கிறது. வீட்டு உபயோகப் பொருள் மறுசுழற்சிச் சட்டம் 1998-இல் நிறைவேறி, 2001 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஏசி, டிவி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் இந்த நான்கும் அதில் அடங்கும். பழசைக் கொடுக்கும்போது வாடிக்கையாளரே மறுசுழற்சிக் கட்டணம் செலுத்துகிறார். தயாரித்த நிறுவனம் திரும்பப் பெற்றுப் பிரிக்க வேண்டும். இதனால் தயாரிப்பாளர்களே பிரிப்பு ஆலைகளை நடத்தும் நிலை வந்தது. ஹியோகோ மாகாணத்தின் காட்டோ நகரில் பானசோனிக் நடத்தும் ஆலை அப்படிப்பட்டது.

இந்த ஆலைகளில் வாஷிங் மெஷின் வந்தவுடன் அரைவைக்குப் போவதில்லை. முதலில் கை வேலை. வயர், மூடி, மேல் கவர் போகும். அடுத்து மேலிருந்து துணி போடும் மெஷின்களில் உள்தொட்டியின் விளிம்பில் இருக்கும் பேலன்சர் வளையத்தைக் கவனிப்பார்கள். தொட்டி வேகமாகச் சுழலும்போது ஆடாமல் இருக்க, அந்த வளையத்துக்குள் உப்புத் தண்ணீர் அடைத்திருக்கும். அதை ஓட்டை போட்டு வடித்துவிட்டுத்தான் மேலே போவார்கள். வடிக்காமல் அப்படியே அரைவைக்குள் தள்ளினால், உப்பு நீர் தெறித்து அரைவை இயந்திரத்தின் இரும்பை அரிக்கும். வெளியே வரும் உலோகத் துண்டுகளும் துருவேறும். விற்றால் ஒரு காசு வராத திரவம்தான், ஆனாலும் அதை முதலில் எடுத்தாக வேண்டும்.

அப்புறம் மோட்டார். இதை ஏன் கையால் எடுக்கிறார்கள் என்பது எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த விஷயம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மோட்டார் வெளியே இரும்பு, உள்ளே செப்புக் காயில். அரைத்தால் இரும்புத் தகட்டுக்குள் செப்புக் கம்பி சிக்கிச் சுருண்டு கொள்ளும். காந்தம் இரும்பை இழுக்கும்போது செம்பும் கூடவே போகும். உலைக்குள் போன பிறகு செம்பைப் பிரிக்க முடியாது. எஃகு காய்ச்சும்போது சிலிக்கான், பாஸ்பரஸ் போன்றவை ஆக்சிஜனோடு சேர்ந்து கசடாக மேலே வந்துவிடும். செம்பு அப்படி வராது. உருகிய எஃகிலேயே தங்கிவிடும். அந்த எஃகைச் சூட்டோடு உருட்டும்போது மேற்பரப்பில் வெடிப்பு விடும். கட்டுமானக் கம்பி சுமார் 0.4 சதவீதம் வரை செம்பைத் தாங்கும். கார் உடம்புக்கான தகட்டுக்கோ 0.06 சதவீதம் தாண்டினாலே தொல்லை. அதனால்தான் நல்ல தகடாக வாழ்ந்த இரும்பு, ஒரு சுற்று அரைபட்டு வந்தபின் கம்பியாகத் தரம் இறங்குகிறது. கம்பியிலிருந்து மீண்டும் தகடு எடுக்க வேண்டுமென்றால் புது இரும்பைக் கலந்து நீர்க்க வைக்க வேண்டும். மோட்டாரைக் கழற்ற ஆகும் ஓரிரு நிமிடம் செம்பையும் காப்பாற்றுகிறது, இரும்பின் தரத்தையும் காப்பாற்றுகிறது. இரண்டாவது லாபத்தைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

அடுத்தது வெளித்தொட்டி. பாலிப்ரொப்பிலீன், பெரிய துண்டு, ஒரே பொருள். இதைத் தனியாக எடுத்துக் கழுவி, துகளாக்கி, கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்மானம் சேர்த்து, மறுபடி வாஷிங் மெஷின் பாகமாகவே வார்க்கிறார்கள். கலவையாக அரைத்த பிளாஸ்டிக்கிலிருந்து இந்தத் தரத்தை எடுக்க, அடர்த்தி வேறுபாடு, நிலைமின்னூட்டம் என்று பெரிய பிரிப்பு எந்திரங்கள் வேண்டும். அதையும் ஜப்பானில் செய்கிறார்கள். ஆனால் கையால் எடுத்த ஒரு முழுத் தொட்டி எப்போதும் சுலபமான சரக்கு. இவ்வளவும் எடுத்தபின் மிஞ்சும் உடம்புதான் அரைவைக்குப் போகிறது.

சரி, எங்கே நிறுத்துவது? கணக்குக்காக, ஒரு நிமிட உழைப்புக்கு எல்லாச் செலவும் சேர்த்து 10 ரூபாய் என்று வையுங்கள். மோட்டாரைக் கழற்ற 3 நிமிடம் என்றால் 30 ரூபாய். மோட்டார் அதைவிடப் பல மடங்கு விலைபோகும். சோப்புத்தூள் தட்டில் இரண்டு வகை பிளாஸ்டிக், ஒரு ஸ்பிரிங். பிரிக்க 4 நிமிடம், 40 ரூபாய். கிடைப்பது 10 ரூபாய்கூடத் தேறாது. மோட்டாரைக் கழற்று, தட்டை அரை. இதுவரை எளிது.

முன்பக்கம் கதவு வைத்த மெஷினில் சிக்கல் வருகிறது. தொட்டியின் மேல் கான்கிரீட் பாரம் வைத்திருப்பார்கள், ஆட்டத்தைக் குறைக்க. கான்கிரீட்டுக்கு விலை கிடையாது. ஆனால் அதை எடுக்காமல் தொட்டியை எடுக்க முடியாது. அதாவது நஷ்டமான ஒரு படிதான் லாபமான அடுத்த படிக்கு வழி திறக்கிறது. ஒவ்வொரு படியாகப் பார்த்து, நஷ்டம் வந்த இடத்தில் நிறுத்தினால் தொட்டியை இழப்பீர்கள். எந்தப் பாகம் எதற்கு முன்னால் வர வேண்டும் என்ற உறவுகளையெல்லாம் வரைந்து, மொத்தத்துக்கும் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். கட்டுப்பாடே இல்லாவிட்டால் 10 பாகங்களைக் கழற்ற 36,28,800 வரிசைகள் உண்டு. முன்பின் கட்டுப்பாடுகள் அதைக் குறைக்கும். ஆனால் நிஜ மெஷினில் பாகங்கள் 10 அல்லவே.

இதை ஆய்வாளர்கள் தனித் துறையாகவே வளர்த்திருக்கிறார்கள். பாஸ்டனில் உள்ள நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் சுரேந்திர குப்தா, கழற்றும் வேலைகளை, வரிசையாக நிற்கும் வேலை நிலையங்களுக்குச் சமமாகப் பங்கிடும் பிரச்சினையை முன்னெடுத்தவர்களில் முக்கியமானவர். பூட்டும் வரிசையைச் சமன்செய்யும் பழைய முறைகளை அப்படியே தூக்கி இங்கே வைக்க முடியாது. ஆபத்தான பாகம் முதலில் வெளியேற வேண்டும். சந்தையில் தேவை உள்ள பாகம் அடிபடுவதற்கு முன் வெளியேற வேண்டும். ஒரு நிலையத்தில் ஸ்க்ரூ தலை தேய்ந்து சுற்றிக்கொண்டே இருந்தால் அடுத்த நிலையத்துக்கு வேலையே இராது. ஒரு பாகம் ஏற்கெனவே காணாமல் போயிருந்தால் அங்கே நேரம் மிச்சமாகி, வேறெங்கோ குவியும்.

ஆபத்தான பாகம் என்றதும் ஃப்ரிட்ஜைச் சொல்லாமல் விட முடியாது. பழைய ஃப்ரிட்ஜ்களின் கம்ப்ரசரில் ஆர்-12 வாயு இருந்தது. நூறு வருடக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவைப்போல் சுமார் 10,000 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். ஓசோன் படலத்துக்குச் செய்யும் கேடு தனி. குழாயில் இருக்கும் வாயுவை உறிஞ்சி எடுத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் சுவருக்குள் அடைத்திருக்கும் பாலியூரித்தேன் நுரைக்குள் இதைவிட அதிகமாக, ஆர்-11 என்ற உறவுக்கார வாயு சிறைபட்டிருக்கும். நுரையைத் திறந்தவெளியில் உடைத்தால் அது காற்றில் போய்விடும். அதனால் ஃப்ரிட்ஜ் உடம்பை மூடிய அறைக்குள்தான் அரைக்க வேண்டும். புதிய மாடல்களில் வாயு ஐசோபியூட்டேன், நுரையில் சைக்ளோபென்டேன்; ஓசோனுக்கு ஆபத்தில்லை, ஆனால் தீப்பிடிக்கும். ஆகவே அதற்கும் மூடிய அறைதான், உள்ளே நைட்ரஜனோடு. ஃப்ரிட்ஜ் விஷயத்தில் லாபநஷ்டக் கணக்கைப் பார்த்து எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்ய யாரையும் விடக்கூடாது என்பதே என் கருத்து.

இதுவரை பேசியது பொருளை உருக்கி எடுப்பது பற்றி. இதைவிட மதிப்பான வழி ஒன்று உண்டு: பாகத்தை அதன் வடிவத்தோடேயே காப்பாற்றுவது. ஓர் இன்ஜின் பிளாக்கை உருக்கினால் கிடைப்பது வார்ப்பிரும்பு விலை. அதை வார்க்கவும், கடையவும், துளையிடவும் செலவழித்த உழைப்பும் மின்சாரமும் போய்விடும். பிரான்ஸில் ரெனோ நிறுவனம் 1949-லிருந்து ஷ்வாசி-லெ-ருவாவில் இன்ஜின், கியர்பாக்ஸ்களை மறுதயாரிப்பு செய்துவந்தது. புதிய பாகத்தோடு ஒப்பிட்டால் எரிசக்தி 80 சதவீதம் குறைவு என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. நம் ஊர் லேத் பட்டறையில் போர் போட்டு, ஸ்லீவ் ஏற்றி, கிராங்க் கிரைண்டிங் செய்து ஓட்டுவதும் இதே குடும்பம்தான். வித்தியாசம், மறுதயாரிப்பில் இன்ஜினை முழுக்கக் கழற்றி, எல்லாப் பாகத்தையும் கழுவி, விரிசல் உண்டா என்று காந்தத் துகள் முறையில் சோதித்து, ரிங், பேரிங், கேஸ்கட் எல்லாம் எந்நிலையில் இருந்தாலும் மாற்றி, கடைசியில் புது இன்ஜினுக்குள்ள அதே சோதனை மேடையில் ஏற்றி, வாரண்டியோடு தருவார்கள். ஒரு இன்ஜினின் பிளாக்கும் இன்னொன்றின் கிராங்க்கும் சேர்ந்து வெளியே வரும். அதைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை, அளவு சரியாக இருந்தால் போதும்.

இதில் பெரிய தலைவலி, பழசு எப்போது, எத்தனை, எந்த நிலையில் வரும் என்பது தெரியாதது. ஜெயித்தவர்கள் எல்லாரும் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தவர்கள். வாகன உலகில் பழையதைக் கொடுத்தால்தான் விலை குறையும் என்று வைத்தார்கள். லெட்-ஆசிட் பேட்டரி கடையில் நாம் எல்லோரும் செய்வது இதுதான். ஜெராக்ஸ் நிறுவனம் நகலெடுக்கும் எந்திரங்களைப் பெரும்பாலும் வாடகைக்கு விட்டது. எந்திரம் அவர்களுடையதாகவே இருந்ததால் எப்போது திரும்பும், எவ்வளவு ஓடியது என்பது கையில் இருந்தது. எனக்குப் பிடித்தது கோடாக்கின் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஃபிலிம் கேமரா. 1987-இல் வந்தபோது பயன்படுத்தித் தூக்கிப்போடும் பொருள் என்று கடும் கண்டனம். 1990-இல் திரும்பப் பெறும் திட்டம் தொடங்கினார்கள். படம் பார்க்க வேண்டுமென்றால் கேமராவை, ஃபிலிம் கழுவும் கடையில் கொடுத்தே ஆக வேண்டும். கடைக்காரர் அதைத் திறந்தே ஆக வேண்டும். ஆகவே காலிக் கேமராக்கள் தானாகவே கடைகளில் குவிந்தன. அங்கிருந்து சேகரிப்பது மட்டும்தான் வேலை. ஒட்டி மூடிய உடம்பைக் கொக்கி போட்டு மூடும்படி மாற்றியமைத்ததால் ஃப்ளாஷ் சர்க்யூட், உள்சட்டம் எல்லாம் அடுத்த கேமராவுக்குப் போயின.

கடைசியில் எல்லாம் வரைபட மேசைக்குத்தான் திரும்புகிறது. முன்கதவு வாஷிங் மெஷினில் சத்தம் வந்தால் பெரும்பாலும் பேரிங் போயிருக்கும். பேரிங் சில நூறு ரூபாய். அது உட்கார்ந்திருப்பது வெளித்தொட்டியின் பின்பாதியில். தொட்டியின் இரண்டு பாதிகளையும் போல்ட் போட்டு இணைத்த மாடலில் மெக்கானிக் கழற்றி மாற்றிவிடுவார். உருக்கி ஒட்டிய மாடலில் முழுத் தொட்டியையும் மாற்றச் சொல்வார்கள். விலையைக் கேட்டுவிட்டு வீட்டுக்காரர் புது மெஷின் வாங்கிவிடுவார். கைதேர்ந்த மெக்கானிக்குகள் ஒட்டிய தொட்டியை ரம்பத்தால் அறுத்து, பேரிங் மாற்றி, சிலிக்கோன் பசை தடவி, ஓரமாகத் துளையிட்டு போல்ட் போட்டு மூடுகிறார்கள். உள்ளே டிரம்மைப் பிடித்திருக்கும் மூன்று கால் அலுமினிய ஸ்பைடரைப் பார்த்தால் வெள்ளைப் பொடி பூத்து, கால் பாதி தின்றுபோயிருக்கும். ஸ்டெயின்லெஸ் டிரம்மோடு சேர்ந்து எந்நேரமும் சோப்புத் தண்ணீரில் கிடந்த அரிப்பு. தொட்டியைத் திறக்க முடிந்தால் இரண்டையும் ஒரே தடவையில் மாற்றலாம். பத்துப் பதினைந்து போல்ட்டை மிச்சப்படுத்திய ஒரு முடிவு, நன்றாக இருக்கும் மோட்டார், போர்டு, உடம்பு எல்லாவற்றையும் காயலான் கடைக்கு அனுப்புகிறது. இது எனக்குக் கோபம் வரவைக்கும் விஷயம்.

ஃபோனில் பசை வந்தது இன்னொரு கதை. ஆப்பிள் 2018-இல் டெய்சி என்ற ரோபோவைக் காட்டியது. மணிக்கு 200 ஐபோன்களைப் பிரிக்கும். ஒட்டியிருக்கும் பேட்டரியைப் பெயர்க்க மைனஸ் 80 டிகிரிக் குளிர்காற்றை அடிக்கிறது, பசை விறைத்து விட்டுக்கொடுக்க. திறமையான எந்திரம்தான். ஆனால் தன் நிறுவனத்தின் குறிப்பிட்ட மாடல்களுக்கு மட்டும். கலந்து வரும் சரக்குக்கு, 2010-இல் ஹிட்டாச்சி அறிவித்த முறை எனக்கு அதிகம் பிடிக்கும்: ஹார்ட் டிஸ்க்குகளை உருளைக்குள் போட்டுச் சுற்றுகிறார்கள், அதிர்ச்சியில் ஸ்க்ரூக்கள் தளர்ந்து பாகம் பாகமாகக் கழன்று விழும், நியோடிமியம் காந்தத்தைப் பொறுக்கிக்கொள்ளலாம். கையால் மணிக்கு 12 என்பது 100 ஆனது. அந்த ஆண்டுதான் சீனாவிலிருந்து நியோடிமியம் போன்ற அரிய மண் உலோகம் வருவது நெருக்கடியாகியிருந்தது.

பசைக்குச் சட்டமும் வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி 18 முதல், கையடக்கச் சாதனங்களின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி வைக்க வேண்டும். சில விலக்குகள் உண்டு. சின்ன விஷயங்களும் உதவும். உங்கள் கீபோர்டின் உள்பக்கத்தைப் பாருங்கள், அம்புக்குறிகளுக்கு நடுவே ஏபிஎஸ் என்று ஆங்கில எழுத்தில் பதித்திருக்கும். பிரிப்பவர் எந்த பிளாஸ்டிக் என்று பார்த்ததும் தெரிந்துகொள்ள ஐஎஸ்ஓ 11469 தரம் வகுத்த குறி அது.

இந்தியாவில் கூலி குறைவு என்பதால் நிறுத்தும் புள்ளி வெகுதூரம் தள்ளிப் போகிறது. காயலான் கடையில் ஜப்பானிய ஆலை அரைத்துவிடும் துண்டையும் கழற்றி வகைபிரிப்பார்கள். சென்னைப் புதுப்பேட்டையில் பழைய காரின் கதவுக் கைப்பிடிகூடத் தனியாக விற்கும். பாகங்களை முழுசாகக் காப்பாற்றுவதில் இவர்களுக்கு நிகர் கிடையாது. கெடுவது கடைசிப் படியில்: வயரை எரித்துச் செம்பு எடுப்பது, போர்டை அமிலத்தில் ஊறவைத்துத் தங்கம் எடுப்பது. அதில் தங்கத்தில் பெரும்பங்கு கழிவோடு போகிறது. ஈயமும் அமிலமும் அந்தத் தெருவின் மண்ணுக்கும் வேலை செய்பவரின் உடம்புக்கும் போகின்றன. கையால் பிரிப்பதை இங்கேயே வைத்துக்கொண்டு, போர்டுகளை மட்டும் பெல்ஜியத்தின் ஹோபோகன் போன்ற பெரிய உருக்காலைகளுக்கு அனுப்பலாம் என்ற யோசனை நெடுநாளாக இருக்கிறது. எனக்கு அதில் முழு உடன்பாடு.

நம் விதிகள் போகும் திசை வேறு. 2016-ஆம் ஆண்டு மின்கழிவு விதிகளில் பிரிப்பவர் என்று ஒரு தனி வகை இருந்தது. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 2022 விதிகளின் பதிவு வகைகளில் அது இல்லை. தயாரிப்பாளர், உற்பத்தியாளர், புதுப்பிப்பாளர், மறுசுழற்சியாளர் மட்டும். மறுசுழற்சிச் சான்றிதழ்கள் தங்கம், செம்பு, இரும்பு, அலுமினியம் என்ற கணக்கில் உருவாகின்றன. ஐரோப்பாவிலும் எடைக் கணக்குதான் நெடுங்காலமாக ஆள்கிறது. எடையை அளந்தால் கான்கிரீட்டும் இரும்பும் ஜெயிக்கும், சில கிராம் காந்தம் தோற்கும். நன்றாக ஓடும் மோட்டாரைக் கழற்றி இன்னொரு மெஷினில் போட்டவருக்கு அந்த ஏட்டில் இடமில்லை.

புராஜெக்டுக்கு இதைத் தாராளமாக எடுங்கள். மென்பொருளில் தொடங்க வேண்டாம். பழைய முன்கதவு மெஷின் இரண்டு, வேறு வேறு கம்பெனி, வாங்கிக்கொள்ளுங்கள். ப்ளக்கைப் பிடுங்கி, போர்டிலும் மோட்டாரிலும் உள்ள கபாசிட்டரில் மின்சாரம் இறங்கிவிட்டதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஒவ்வொரு படிக்கும் எந்தக் கருவி, எத்தனை விநாடி, எந்த ஸ்க்ரூ ஏமாற்றியது, வெளியே வந்த பாகத்தின் எடை என்ன, என்ன பொருள் என்று எழுதுங்கள். அப்புறம் உங்கள் ஊர் காயலான் கடையில் உருப்படியாக விற்றால் என்ன விலை, எடைக்குப் போட்டால் என்ன விலை என்று இரண்டையும் கேளுங்கள். முன்பின் வரைபடத்தை அதன்பின் வரையுங்கள். இரண்டு மெஷினுக்கும் நிறுத்தும் புள்ளி வேறாக வரும். அந்த வேறுபாடு எந்த வடிவமைப்பு முடிவால் வந்தது என்று தேடிப் பிடித்தால், உங்கள் அறிக்கையின் முக்கியமான அத்தியாயம் அதுதான்.